பன்னிரண்டு களிமண் உயிர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு மாமன் ஒரு காண்டாமிருகத்துக்கு ஊதா வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். காண்டாமிருகம் அந்த நிறத்தில் இருக்காது என்று மென்மையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தான்.

"நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா மாமா?" என்றாள் மேனேஜர்.

பார்த்ததில்லை. ஊதாவே அடித்தான்.

மேனேஜருக்கு எட்டு வயசு. அக்காவின் மூத்த மகள். பேச வந்த நாளிலிருந்து வீட்டை அவள்தான் நிர்வகிக்கிறாள் என்பதால் அந்தப் பெயர். இளையவள் பொட்டலம். இரண்டரை வயசு. பிறந்த புதிதில் துணியில் சுற்றிப் படுக்கவைத்திருந்ததைப் பார்த்து மாமன் வைத்த பெயர் அது. துணி போன பிறகும் பெயர் போகவில்லை. பிள்ளைகளின் அப்பா எங்கோ தொலைவில் பாலம் கட்டப் போயிருந்தார். அக்கா ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். தங்க வருகிறவர்கள் வார நாள், விடுமுறை நாள் என்று பார்க்காமல் படுக்கை விரிப்பை அழுக்காக்கிவிடுவதால் அவளுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். ஆகவே சனியும் ஞாயிறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாமனின் பொறுப்பு. அவன் கல்லூரியில் வேதியியல் கடைசி வருடம். பிள்ளை வளர்ப்பு அவன் பாடத்திட்டத்தில் கிடையாது.

முந்தின நாள் சனிக்கிழமை ஒரு பெரிய பாக்கெட் களிமண் வாங்கி வந்திருந்தான். சூளையில் சுட வேண்டாம், காற்றில் வைத்தால் தானே காய்ந்துவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. உருவம் தடிமனாக இருந்தால் காயும்போது வெடித்துவிடும், அதனால் நடுவில் கசக்கிய காகித உருண்டை ஏதாவது வைத்து மேலே களிமண்ணைப் போர்த்த வேண்டும் என்று அவன் பார்த்த வீடியோவில் ஒரு அம்மாள் சொன்னார். மாமன் அதைப் பிள்ளைகளுக்குச் சுருக்கிச் சொன்னான்.

"உள்ளே எதையாவது வைங்க."

பிற்பாடு அந்த ஒரு வரியை அவன் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மேனேஜர் அதை உடனே சட்டமாக்கிவிட்டாள். உள்ளே வைப்பது உயிர். ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் உயிர் வேண்டும். காகிதமெல்லாம் உயிராகாது, பளபளப்பாக இருக்க வேண்டும். மேசை இழுப்பறை, தையல் டப்பா, அக்காவின் பழைய கைப்பை மூன்றிலும் சோதனை நடந்தது. மாலைக்குள் பன்னிரண்டு பிராணிகள் உயிரோடு ஜன்னல் ஓரம் காயப் போடப்பட்டன. மாமன் அப்போது சோபாவில் படுத்துப் போனில் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தான். எதைப் பற்றி என்று இப்போது கேட்டால் அவனுக்கே தெரியாது.

இன்று வர்ணம். மேனேஜர் ஒரு பக்கம் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"யானை. உயிர், நீலப் பாசிமணி. மீன். உயிர், பேப்பர் கிளிப். காண்டாமிருகம். உயிர், அம்மா சட்டை ஊக்கு. ஆமை…" என்று நிறுத்தி, பென்சிலைக் கடித்தாள். "ஆமைக்கு என்ன போடுறது மாமா? அது பொட்டலம் செஞ்சது. அவளே எதையோ வச்சு மூடிட்டா. கேட்டா காட்ட மாட்டேங்குறா."

"ரகசியம்னு போடு."

"நான்கூட தராசு பக்கத்துல இருந்த வெள்ளி வட்டத்தை ஆந்தைக்குக் கண்ணா வைக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு இருந்துச்சு. பொட்டலம் ஒண்ணு எடுத்தா. இன்னைக்குக் காலையில போய்ப் பாத்தா ரெண்டுமே இல்ல."

மாமனின் பிரஷ் காண்டாமிருகத்தின் முதுகிலேயே நின்றுவிட்டது.

சமையலறைத் தராசு சனிக்கிழமை காலை ஓடவில்லை. அதைக் கவிழ்த்து, பேட்டரி இரண்டையும் நெம்பி எடுத்து மேசையில் வைத்தது அவன்தான். நாணயம் மாதிரி தட்டையாக, வழவழவென்று, இரண்டரை வயசுப் பிள்ளைக்கென்றே செய்தாற்போல் இருக்கும் பேட்டரிகள். எடுத்து வைத்தவன் குப்பையிலும் போடவில்லை, உயரத்திலும் வைக்கவில்லை. களிமண் வாங்கக் கிளம்பிவிட்டான்.

மேசைக்கு ஓடினான். தராசு இருந்தது. மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தான். ஒரு பட்டாணியும் அதன் தூசியும் இருந்தன. குப்பைக்கூடையைக் கவிழ்த்தான். இல்லை.

திரும்பி வந்து பொட்டலத்தின் முன் மண்டியிட்டான். அவள் ஆமையை மடியில் வைத்து அதன் தலைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தாள். மோவாயிலிருந்து எச்சில் ஒழுகிச் சட்டையின் கழுத்தை நனைத்திருந்தது. காலையிலிருந்தே ஒழுகுகிறது. காலையில் பாலையும் இரண்டு வாயோடு தள்ளிவிட்டாள். அடம் என்று நினைத்து அவன்தான் மீதியைக் குடித்தான்.

"கண்ணு, வெள்ளி வட்டம் எங்கடா?"

பொட்டலம் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன்."

"ஆமைக்குள்ள வச்சியா?"

"வச்சேன்."

"ஜன்னல் வழியா போட்டியா?"

"போட்டேன்."

"மாமா, அவகிட்ட நீ யானையான்னு கேட்டாலும் ஆமாம்பா" என்றாள் மேனேஜர்.

இந்த இடத்தில் வேதியியல் படிக்காதவன் கொடுத்து வைத்தவன். பேட்டரி தொண்டைக்குக் கீழே எங்காவது ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. மாமனுக்குத் தெரிந்திருந்தது. ஈரச் சதை ஒரு கம்பியைப் போல இரு பக்கத்தையும் இணைக்கும், மின்சாரம் ஓடும், ஒரு பக்கத்தில் காரம் ஊறும், காரம் சதையை அரிக்கும். இரண்டு மணி நேரமே போதும். தராசை ஓட்டச் சக்தியில்லாத பேட்டரிக்கும் இதற்குச் சக்தி இருக்கும். போன பருவத் தேர்வில் இதே கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தான். இப்போது அந்த ஒன்பதும் வரி வரியாக நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை எத்தனை இரண்டு மணி நேரம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. அதை நிறுத்த முடியவில்லை.

சுத்தியல் எடுத்து வந்தான்.

முதலில் யானை. ஒரே அடி. மேலே ஓடு மாதிரி காய்ந்திருந்தது, உள்ளே இன்னும் ஈரம். விரலை விட்டுத் துழாவினான். நீலப் பாசிமணி.

மேனேஜர் கத்தவில்லை. பெயர்ச்சீட்டைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள். "மாமா, அதுல பாசிமணின்னு எழுதியிருக்கேனே. படிச்சிருக்கலாமே."

"நீ எழுதினது சரியான்னு பாக்கணும்."

"நான் எழுதினது எப்பவும் சரிதான்."

குரல் உடைந்தது. மாமன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீனை அடித்தான். கிளிப். முதலை. சாவி. பூனையை அடிக்கும்போது இடது கையால், பிள்ளைகளை எப்போதும் கொண்டுபோகும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். குழந்தைகள் பிரிவு நர்ஸ் எடுத்தார். அவன் சொன்னதைப் பாதியிலேயே வெட்டினார்.

"என்னப்பா அங்க டமடமன்னு சத்தம்?"

"பொம்மைய ஒடைக்கிறேங்க. உள்ள இருக்கான்னு பாக்க."

"பொம்மை எங்கயும் ஓடாது. பிள்ளையத் தூக்கிட்டு உடனே வா. எதுவும் குடிக்கக் கொடுக்காத. தொண்டையில விரல் விடாத, வாந்தி எடுக்க வைக்காத. எவ்வளவு நேரம் ஆச்சு?"

மாமன் சொன்னான்.

"கெளம்பு" என்றார் நர்ஸ்.

ஆமையை முதலிலேயே உடைத்திருக்கலாம். அவன் முட்டாள் இல்லை, கை நீட்டத்தான் செய்தான். பொட்டலம் ஆமையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீறிட்டாள். வீறிட்டதில் இருமல் வந்தது, இருமலில் குமட்டல் வந்தது. 'வாந்தி எடுக்க வைக்காத' என்ற குரல் காதில் அறைந்தது. மாமன் கையை இழுத்துக்கொண்டான். "உன் ஆமைதான்டா, உன் ஆமையேதான்." அவள் அடங்கினாள். அதற்குப் பிறகு அந்த ஆமையைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

உடைக்காமல் மீதியிருந்த ஏழு பிராணிகளை மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு எடுத்துக்கொண்டாள். பொட்டலம், ஆமை, மாமன், பேசின், சுத்தியல் எல்லாம் ஒரு டாக்சியில் ஏறின.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கறாரான ஆள் போலத் தெரிந்தது. "தம்பி, சுத்தியல் எதுக்கு?"

"ஆந்தைய ஒடைக்க."

டிரைவர் அதற்குமேல் கேட்கவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

மாமன் பேசினை முழங்காலில் இறுக்கி, சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நடுவே அடித்தான். ஆந்தை, ஜிகினா. பன்றி, காதணியின் திருகு. நாய், ஒரு கண்ணாடிக் கோலி. ஒவ்வொன்றையும் உடைக்கும்போது, இதில் இரு, இதில் இருந்து தொலை என்று மனசுக்குள் கெஞ்சினான். இருபது வருட வாழ்க்கையில் அவன் இவ்வளவு மரியாதையாக யாரிடமும் கெஞ்சியதில்லை, அதுவும் ஒரு பன்றியிடம். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகக் கிழித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். சத்தம் இல்லாமல் அழுதாள். மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

சொல்லவில்லை. போனை நாலு தடவை எடுத்துவிட்டான். அக்கா என்ற பெயரைப் பார்த்ததும் கட்டைவிரல் மரத்துவிட்டது. உடைத்துப் பார்த்துக் கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று ஒரு நப்பாசை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பன்னிரண்டில் பதினொன்று தீர்ந்தது. பதினொன்றிலும் பேட்டரி இல்லை.

அழைத்தான். பின்னால் சலவை இயந்திரங்கள் இரைந்தன.

"அக்கா, ஒண்ணும் பயப்படாத."

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்றாள் அக்கா.

சொன்னான். தராசு, பேட்டரி, ஆஸ்பத்திரி என்று மூன்று வார்த்தைக்குள் அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் தூரமாகிவிட்டது. ஓடுகிறாள் என்று புரிந்தது. "எந்த…" என்று அவள் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். அதற்குள் டாக்சி சுரங்கப்பாதையில் இறங்கி, இணைப்பு அறுந்தது.

ஆஸ்பத்திரியில் யாரும் அவனைக் காக்க வைக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வாசலில் பெயர் சொன்னதும் வரிசையில் நின்ற பத்துப் பேரை விலக்கி உள்ளே அழைத்துப் போனார்கள். சாதாரணமாகக் கவுண்டரில் தலையே நிமிர்த்தாத இடம். ஒருவன் எழுந்து வந்து கதவு திறந்துவிட்டான். கதவு திறந்துவிடும் அளவுக்கு நிலைமை மோசம் என்று மாமன் எடுத்துக்கொண்டான்.

டாக்டர் இளம்பெண். பொட்டலத்தின் மூக்கிலும் காதிலும் விளக்கு அடித்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். "ரொம்ப எச்சில் வடியுதே. இன்னைக்குத்தானா?"

"காலையில இருந்து."

டாக்டர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காட்டாமலிருக்கப் பயிற்சி எடுத்திருப்பார் போல. "எக்ஸ்ரே. இப்பவே" என்றார்.

எக்ஸ்ரே அறை குளிர்ந்து கிடந்தது. படம் எடுப்பவர் நரைத்த மீசைக்காரர். மாமனுக்குக் கனமான ஈயக் கவசம் ஒன்றை மாட்டி, பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மேனேஜரைத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் பக்கத்தில் நிறுத்தினார். பொட்டலம் மேசையைப் பார்த்தாள், மேலே தொங்கிய பெரிய பெட்டியைப் பார்த்தாள், வீறிட்டாள். முதுகை வில்லாக வளைத்தாள். மாமன் தோளைப் பிடித்தால் கால் போனது, காலைப் பிடித்தால் தோள் போனது.

"ஆடினா படம் விழாது தம்பி. நல்லாப் பிடிங்க."

"பிடிக்கிறேண்ணே."

"இதுவா பிடிக்கிறது? மீனைப் பிடிச்ச மாதிரி பிடிக்கிறீங்க."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. அழுது கரகரத்த குரல், ஆனாலும் நிர்வாகக் குரல். "பொட்டலம்! மொதல்ல ஆமைக்கு போட்டோ. அப்புறம்தான் உனக்கு. ஆமை எப்படி சமத்தாப் படுத்திருக்குன்னு பாரு!"

பொட்டலம் நிறுத்தினாள். யோசித்தாள். கையிலிருந்த ஆமையை, ஒரு நாள் முழுக்க யாருக்கும் கொடுக்காத ஆமையை, தானே மேசை நடுவில் வைத்தாள்.

மீசைக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். மாமன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் வந்தான். ஒரு 'டிக்'.

திரையில் ஆமை வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு மேடு, நாலு குட்டைக் கால், பாதி காய்ந்த தலை. நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம். அதற்குள்ளேயே விளிம்பை ஒட்டி இன்னொரு வட்டம்.

"ரெட்டை விளிம்பு. பேட்டரிதான்" என்றார் டாக்டர்.

மாமனுக்கு ஈயக் கவசத்தின் கனத்தில் அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆமையே, தெய்வமே என்று முனகினான். சிரிப்புகூட வந்துவிட்டது.

"மொத்தம் ஒண்ணுதானே?" என்றார் டாக்டர்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டு."

மீசைக்காரர் ஆமையை எடுத்துச் சுவரோரப் பெஞ்சில் வைத்துவிட்டு, மேசையைத் தட்டிக் காட்டினார். "வாங்க ராணி, இப்ப உங்க முறை."

பொட்டலம் படுத்தாள். ஆமை மாதிரியே கை காலைப் பரப்பிக்கொண்டு அசையாமல் படுத்தாள். மாமன் அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பிடித்திருந்தான். அவளுடைய விலா எலும்புகள் சட்டைக்கு மேலேயே தெரிந்தன. உள்ளங்கையில் பச்சை வர்ணம். 'டிக்'.

கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் திரையை நோக்கிக் குனிவது தெரிந்தது. மாமனுக்குத் திரை தெரியவில்லை. டாக்டரின் முகம் மட்டும்தான். அவர் எதையோ பெரிதாக்கிப் பார்த்தார். நகர்த்தினார். மறுபடி பெரிதாக்கினார். பார்க்கட்டும், நிதானமாகப் பார்க்கட்டும், ஆனால் சீக்கிரம் பார்க்கட்டும்.

அறைக்கதவு படாரென்று திறந்தது. அக்கா. சலவைப் பிரிவின் நீலக் கோட்டோடு, தலையில் வலைக்குல்லாய் கழற்றாமல், மூச்சு வாங்க நின்றாள். வாசலில் தடுத்த ஆளை என்ன செய்தாள் என்று பிற்பாடும் யாரும் கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர் அதே நேரத்தில். "கழுத்து, நெஞ்சு, வயிறு எங்கயும் இல்ல. சுத்தமா இருக்கு. எச்சில் கடைவாய்ப்பல் வர்றதால. ஈறு வீங்கியிருக்கு, அப்பவே பாத்தேன். ஆனா படம் பாக்காம சொல்லக் கூடாது. அந்த ரெண்டாவது பேட்டரிய மட்டும் வீட்ல எப்படியாவது தேடி எடுத்துடுங்க."

"எந்த ரெண்டாவது?" என்றாள் அக்கா.

கோட்டுப் பைக்குள் கைவிட்டு, சின்னக் காகித மடிப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வழவழவென்று ஒரு வட்டம். "கடையில காட்டி இதே மாதிரி வாங்கணும்னு நேத்து ராத்திரி நான்தான் ஒண்ணை எடுத்துட்டுப் போனேன். போன்ல அதைத்தான் கேட்டேன், எந்த பேட்டரி, எத்தனைன்னு. கட் பண்ணிட்ட."

"நான் பண்ணல, சுரங்கம்."

"வாய மூடு."

மூடினான். அக்கா பொட்டலத்தைத் தூக்கி முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். நீலக் கோட்டின் முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. மேனேஜர் போய் அந்தக் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மாமன் ஈயக் கவசத்தைக் கழற்றத் தெரியாமல் நின்றான்.

பொட்டலத்துக்குக் கொஞ்ச நேரத்தில் அணைப்பு சலித்துவிட்டது. நெளிந்து இறங்கினாள். பெஞ்சிலிருந்து ஆமையை எடுத்தாள். எல்லோரும் அவள் தலையைத் தடவும் மனநிலையில் இருந்தார்கள். ஆமையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, மாமன் காலையிலிருந்து செய்துகாட்டியதை அப்படியே செய்தாள்: தரையில் ஓங்கி அடித்தாள்.

ஆமை இரண்டாகப் பிளந்தது. பேட்டரி துள்ளி விழுந்து, விளிம்பில் நின்று, தளத்தில் உருண்டோடியது. பொட்டலம் அதைத் துரத்தினாள். "என்னுது!" என்று வாயைத் திறந்துகொண்டே துரத்தினாள்.

மீசைக்காரர் குனிந்து பாய்ந்தார். டாக்டர் முட்டிபோட்டார். மாமன் பத்து கிலோ ஈயத்தோடு குப்புற விழுந்தான். மூன்று பேரின் கையும் வெறும் தரையைத்தான் பிடித்தது. பொட்டலத்தின் விரல் பேட்டரியைத் தொட அரை சாண் இருக்கும்போது, அக்காவின் செருப்பு அதன்மேல் இறங்கியது.

அந்தச் செருப்பு வெகுநேரம் அசையவில்லை.

மாமன் விழுந்த இடத்திலிருந்து எழவில்லை. ஆமையின் ஒரு பாதி அவன் முகத்துக்கு நேரே கிடந்தது. வெளியே பச்சை. உள்ளே வெள்ளைக் களிமண், இன்னும் ஈரமாக. பேட்டரி இருந்த பள்ளம் மட்டும் கறுத்திருந்தது. பள்ளத்தின் ஓரத்திலிருந்து கறுப்பு நாலு பக்கமும் ஊறி, கட்டைவிரல் அகலத்துக்குப் பரவி, அங்கே களிமண் கூழாகிப் போயிருந்தது. ஒரு நாளில்.

அவன் அதைக் கையால் மூடுவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். குனிந்து எடுத்தாள். சுண்டுவிரலை அந்தக் கறுப்பில் வைத்தாள். விரல் சிரமமில்லாமல் உள்ளே போனது.

அவளுடைய இன்னொரு கை, தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்ற பொட்டலத்தின் தொண்டையைத் தேடிப் போய், அங்கேயே இருந்தது.